வாளிக்குள் எழும்பியது

எதிர்வீட்டுத் தவமலர் புருசனை எரித்துவிட்டு வந்தபோது நான் ஜன்னலை ஒரு விரலளவு திறந்து, சீலையைக் கொஞ்சமாகத்தான் விலக்கினேன். கால் கழுவவென்று வாசலில் வைத்துவிட்டுப் போன வாளித் தண்ணீர் கனடாக் குளிரில் உறைந்திருந்தது. அதன் நடுவிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு பனிக்கட்டி முள் சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது.

"உறையேக்க தண்ணி வீங்கும். போக இடமில்லாமல் மேல வந்திருக்கு," என்றார் அவளுடைய மைத்துனர், பெரிய விஞ்ஞானி மாதிரி.

"என்னவெண்டாலும் கால் கழுவாமல் ஒருத்தரும் உள்ள போகேலாது," என்றாள் வாசலை மறித்து நின்ற அவளுடைய மாமியார்.

"அப்ப ஆர் உள்ள போய்த் தண்ணி எடுக்கிறது?" என்றார் மைத்துனர்.

சுடலையால் வந்த எல்லாரும் குளிரில் வெடவெடத்தார்கள். செத்தவீட்டில் அழவே அழாத தவமலர் சப்பாத்தைக் கழற்றினாள். அந்த முள்ளை முறித்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, அசையாமல் நின்றாள். மெல்ல மெல்ல அவள் விரலிடுக்கால் தண்ணீர் கசிந்து, வெறும் பாதங்களில் சொட்டத் தொடங்கியது. மாமியார் வாசலை விட்டு விலகினாள்.