வெள்ளைக்கார மூளை

காற்றாலைத் திட்டத்துக்கு முதலீட்டோடு வந்திருந்த வெள்ளைக்காரரை, மின்துறைச் செயலர் வாசல்வரை போய் அழைத்து வந்து தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். மொழிபெயர்ப்பாளராகக் கூட வந்த பெண்ணை உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

திட்ட அறிக்கையை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இவங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்.

செயலர் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"மூளைன்னா இதும்மா மூளை! நம்மாளுங்களும் இருக்காங்களே. நாலு வருஷம் முன்னாடி யாரோ ஒரு பொம்பளை இன்ஜினியர், இதே மலைக்கு ஒரு திட்டத்தைத் தூக்கிட்டு மூணு தடவை வந்தா. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கல. குப்பையில போட்டுட்டேன்."

"தெரியும் சார். அதே திட்டம்தான் இது. ஒரு எழுத்துகூட மாத்தல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எழுதினதே நான்தானே. அப்புறம் வெளிநாட்டுல போய்க் கம்பெனி ஆரம்பிச்சேன்."

செயலர் தன் நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ... இவர்?"

"என்கிட்ட சம்பளத்துக்கு இருக்கார் சார். உங்களை நிமிர்ந்து பார்க்க வைக்கறதுதான் அவர் வேலை."