கீழ்க்குலை அண்ணன்

விடுதிப் பிள்ளைகள் "வேலைக்குப் போகவா, மேலே படிக்கவா?" என்று புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஜன்னலோரத் தென்னையின் இளங்காய்க்கும் குழப்பம் தொற்றிவிட்டது. இளநீராகவே இறங்கிவிடுவதா, இருந்து முற்றுவதா?

கீழ்க்குலையில் தனியாகத் தொங்கிய முற்றிய தேங்காயைக் கேட்டது. "அண்ணே, மரமேறி வந்துட்டார். நானும் இறங்கட்டுமா?"

"என்னடா அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் இருந்து முற்று. அப்புறம் உன் மதிப்பே வேற!"

இளங்காய் மட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. மரமேறி மற்ற இளநீர்களை வெட்டி இறக்கினார். அண்ணனைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

காற்றில் அண்ணன் திரும்பியது. முதுகில் பெரிய ஓட்டை! இளங்காய்க்கு உள்ளே தண்ணீரெல்லாம் சில்லிட்டுப்போனது.

ஓட்டையிலிருந்து எலி ஒன்று தலையை நீட்டி, அண்ணன் பேசிய அதே குரலில் சொன்னது: "நல்லவேளை, இருந்துட்டே. இங்கே தின்ன இனி ஒண்ணுமில்லை."