ஏழு கொலை

"உளி எங்கடி? அப்பா பட்டறைக்குப் பூட்டையே மாத்திட்டான் என் தம்பி. இன்னைக்கு அவனைக் குத்தாம விடமாட்டேன்."

மனைவி தச்சரிடம் போனை நீட்டினாள். "தாராளமாக் குத்துங்க. அதுக்கு முன்னால இந்த விளையாட்டுல ஓநாய்னு ஒருத்தன் உங்களைக் கூப்பிடறான். நேத்து உங்க தலையை வெட்டினவன்."

"அவனா? கொண்டா."

தச்சர் ஓநாயைக் கோடரியால் பிளந்தார். கழுத்தை அறுத்தார். மாடியிலிருந்து தள்ளினார். ஒவ்வொரு முறையும் எழுந்து வந்த ஓநாய், இருமுறை அவர் வயிற்றைக் கிழித்தான்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அம்பது வயசுல இது என்ன விளையாட்டுப் பைத்தியம்?"

"இருக்கட்டும்மா. குடும்பத்துக்கு நல்லது" என்றாள் மனைவி.

ஒரு மணி நேரம் கழித்து தச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏழு தடவை கொன்னுட்டேன். பசிக்குது, சோறு போடு."

உளியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

பரிமாறிய கையோடு அவள் கொல்லைப்பக்கம் போய், கொழுந்தன் மனைவிக்குப் போன் போட்டாள்.

"இங்க அடங்கிட்டார். உங்க வீட்டு ஓநாய் என்ன பண்றார்?"

"ஏழு தடவை செத்த களைப்பு, அக்கா. அரிவாளைக் கீழே போட்டுட்டுத் தூங்கறார்."