தெருவெல்லாம் சிவப்புப் புள்ளி

ஓர் அணிலுக்கு, கொட்டையைப் புதைத்த இடம் மறுநாளே மறந்துவிடும். மொட்டை மாடியில் யாரோ விட்டுப்போன செல்போனைக் காகம்தான் அதற்குக் காட்டியது.

"இது நம்ம தெரு மேப், தம்பி. தொட்டா சிவப்புப் புள்ளி விழும். புதைக்கிற இடத்துல ஒண்ணு வச்சுடு. அப்புறம் மறக்கவே மறக்காது."

அணில் பயந்துகொண்டே மேப்பில் வேப்பமரத்தடியைத் தொட்டது. புள்ளி விழுந்தது. அதன் வால் சிலிர்த்துப் போனது.

"விழுந்துடுச்சுண்ணே!"

அன்று முழுக்கத் தொட்டுக்கொண்டே இருந்தது. தெருவே சிவந்தது. புதைக்கக் கொண்டுவந்த வாதாங்கொட்டைகள் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன.

"நானா இவ்வளவு சேர்த்தேன்!" என்று புள்ளிகளைப் பார்த்து வாய் பிளந்தது அணில்.

சாயங்காலம் மழை கொட்டியது. அணில் செல்போனை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பத்திரமாக இழுத்துப் போட்டது. கொட்டைகள் மழைநீர்க் குழாய் வழியாக ஓடிப்போயின.

மழை விட்டதும் பசித்தது. வேப்பமரத்தடிக்கு ஓடித் தோண்டியது. ஒன்றுமில்லை.

"தம்பி, நீ புதைக்கவே இல்லையே!" என்றது காகம்.

"என்னண்ணே சொல்றீங்க? புள்ளி இருக்கே!" என்ற அணில், இன்னும் ஆழமாகத் தோண்டியது.