அமரெத்தோ குடிக்கும் விதம்

"பிள்ளை, இது என்ன சாமான்?"

பார்க்கிங் என்ற ஊரில் உள்ள அந்த மதுக்கடைக்கு இராசரத்தினம் சனிக்கிழமை தவறாமல் வந்து கேட்கும் கேள்வி அது. கையில் எப்போதும் அதே சின்ன அமரெத்தோ போத்தல்.

"இத்தாலிச் சாமான், ஐயா. பாதாம் வாசம், நல்ல இனிப்பு," என்றாள் கடைக்காரி அஜந்தா.

"என்னெண்டு குடிக்கிறது?"

"கோப்பிக்குள்ள கொஞ்சம் விடலாம். தேசிப்புளியும் ஐஸும் போட்டுக் குடிக்கலாம். ஐஸ்கிறீமுக்கு மேலயும் ஊத்தலாம்."

அவள் அதை ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை. எல்லாம் அவருக்காகப் போனில் பார்த்துப் படித்தது.

"கேக்குக்கு?"

"ஓம், கேக்குக்கும் விடலாம்."

தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் மெல்ல வெளியே போனார்.

பின்னறையில் பெட்டிகளை இறக்கிவிட்டு வான் சாரதி றஜீவன் வந்தார்.

"பாவம் அந்த ஐயா, மறதி வருத்தம் போல. ஒவ்வொரு கிழமையும் முதலிலயிருந்து சொல்லவேணும், அண்ணை," என்றாள் அஜந்தா.

றஜீவன் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார்.

"அவருக்கோ மறதி? இத்தாலியில பெரிய பார் ஒண்டை நடத்தினவர். அங்க அமரெத்தோ கலக்க எனக்குப் பழக்கினதே அவர்தான். மனுசி செத்தாப் பிறகு இஞ்ச மகனிட்ட வந்தவர். மகன் இப்ப கனடாவில."

அடுத்த சனிக்கிழமை இராசரத்தினம் அதே போத்தலோடு வந்து நின்றார்.

"பிள்ளை, இது என்ன சாமான்?"

அஜந்தா பின்னறையிலிருந்து ஒரு கதிரையை எடுத்து வந்து போட்டாள்.

"இருங்கோ ஐயா. ஆறுதலாச் சொல்லுறன்."