மழை வேண்டாத வீடு

பொற்கொடியும் கணவன் மகாராஜனும் நகையையும் சேமிப்பையும் போட்டு, ஊருக்கு வெளியே இருந்த பேட்டரிக் கிடங்கில் பங்கு வாங்கியிருந்தார்கள். மின்சாரம் மலிவாக இருக்கும்போது கிடங்கு அதை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். சந்தையில் விலை ஏறியதும் விற்றுவிடும். வெயில் கொளுத்தி, காற்றாலைகளும் அசையாமல் நின்றுவிட்டால் விலை மளமளவென்று ஏறும். அதனால் விருதுநகரே கோடை மழைக்கு ஏங்கிக் கிடந்தபோது, பொற்கொடி மட்டும் மழை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. செல்போனில் விலை சரிவதைப் பார்த்தபடியே அவள் வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு ஜைனம்பு கைக்குழந்தையோடு நனைந்துகொண்டு நின்றாள். வீடுகளுக்கும் அதே சந்தை விலைதான்; விலை ஏறினால் ஜைனம்பு வீட்டு மீட்டர் மின்விசிறியைத் தானாகவே நிறுத்திவிடும். அவ்வளவு கொடுக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

"யக்கா, இவனக் கொஞ்சம் பிடிங்க, துண்டு எடுத்துட்டு வாரேன்," என்றாள் ஜைனம்பு. "நாம எல்லாரும் வேண்டுனது வீண் போகல, பாத்தீங்களா."

பொற்கொடி குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதன் முதுகெல்லாம் வேர்க்குரு சிவந்து, சில இடங்களில் புண்ணாகவே இருந்தது. சாரல் பட்டதும் குழந்தை சிரித்தது. அவளால் சிரிக்க முடியவில்லை.

மகாராஜன் வேலையிலிருந்து வந்ததும், "பங்க வித்துருவோங்க," என்றாள்.

"இன்னைக்கா? அடிமாட்டு வெலைக்குல்ல போகும்."

"போகட்டும். மழை பேஞ்சா எனக்குச் சந்தோசமா இருக்கணும்."