உடைந்த இரண்டு இதழ்கள்

"பெட்டியை அவனிட்டக் குடுத்திட்டார்!" வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே இக்னேசியஸ் பொருமினான்.

"எந்தப் பெட்டி?" மனைவி றீற்றா கேட்டாள்.

"யூனியன்வில்லில இருந்து ஒரு வியட்நாம் அம்மா கொண்டந்தது. வெத்திலைப் பெட்டி. மரத்தில செதுக்கிச் சிவப்பு அரக்குப் பூசினது. மூடியில தாமரை. ரெண்டு இதழ் உடைஞ்சு போச்சு. செதுக்கிறதுக்கு நான் இருக்கிறன். முதலாளி துவானைக் கூப்பிட்டுக் குடுக்கிறார்!"

"அவனும் வியட்நாம்காரன். அதாலயாக்கும்."

"ஓம், இனி எல்லாம் அவன்தான். ரெண்டு பேரை நிப்பாட்டப் போறாராம். எல்லா இடமும் ஆள் குறைக்கிற இந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில வேலை போனால் வேற ஆர் தருவான்?"

கனடாவின் ஸ்காபரோவில் பழைய தளபாடம் திருத்தும் பட்டறை அது. இக்னேசியஸும் துவானும் பக்கத்துப் பக்கத்து மேசை.

அந்தக் கிழமை முழுக்க இக்னேசியஸ் ஒரு சாப்பாட்டு மேசையின் கால்களைச் செதுக்கினான். கை உளியில், கண் துவானில்.

துவான் பெட்டியைத் தொடவேயில்லை. துணியால் மூடி வைத்துவிட்டுக் கதிரைகளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை இக்னேசியஸால் பொறுக்க முடியவில்லை. நேரே முதலாளியிடம் போனான்.

"அஞ்சு நாளாச்சு. துவான் அந்தப் பெட்டியைத் திறந்தும் பாக்கேல்லை."

முதலாளி எல்லோருக்கும் முன்னால் துவானை ஏசினார். "இன்னொருக்கா இப்பிடியெண்டால் வீட்டிலயே நில்!"

துவான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு வார்னிஷ் தூரிகையை எடுத்துக்கொண்டு கதிரைகளிடம் போனான். இக்னேசியஸுக்கு உள்ளம் குளிர்ந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கடைசி மேசைக்காலும் முடிந்தது. உளியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பெட்டியோடு துவான் நிற்கிறான்.

"உன்ர மேசை முடிஞ்சுதோ? இப்ப இதைச் செதுக்கித் தா. அதுக்குப் பிறகுதான் நான் அரக்குப் பூசலாம்," என்றான் தன் அரைகுறை இங்கிலிஸில்.

"நானோ? உனக்குத் தந்த வேலையெல்லோ?"

"அரக்கு எனக்கு வரும். இந்தத் தாமரைக்கு உன்ர கைதான் வேணும். நீ மேசையை முடிக்குமட்டும் பொறுக்கச் சொல்லி அந்த அம்மாவிட்டக் கேட்டனான்."

இக்னேசியஸ் பெட்டியை வாங்கி, உடைந்த இதழ்களை விரலால் தடவினான்.

"இதை... அண்டைக்கு முதலாளி ஏசேக்க சொல்லியிருக்கலாமே?"

துவான் சிரித்தான்.

"சொன்னால், உன்னாலதான் சுணங்குது எண்டு உன்னையெல்லோ நிப்பாட்டியிருப்பார்!"